பத்திரிகையில் ஏறிய பட்டம்

கதிர்வேலின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று அச்சாகிவிட்டது. பட்டம்தான் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை ஒரே ஒரு சோதனை, அது தேறினால் ஆய்வேடு முடிந்தது என்று அவன்தான் ஜம்பமாகச் சொல்லியிருந்தான். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் அவன் அப்பா நாச்சிமுத்து அதை நம்பி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆயிரம் பத்திரிகை அடித்துவிட்டார்.

சேலத்துக் கல்லூரியில் ஏழு வருடமாக அவன் ஆராய்ந்தது உலோகக் கண்ணாடி. பார்க்க மெல்லிய தகட்டு நாடாதான். உருக்கிய உலோகத்தைச் சட்டென்று குளிரவைப்பதால், அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல், ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி முண்டியடித்தபடியே உறைந்துவிடும். வளைத்தால், நெருக்கம் குறைந்த இடங்களில் சில பத்து அணுக்கள் சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். சூடு காட்டினாலோ எல்லாம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நகர ஏது இடம்? ஒடிந்துவிடும். இதை நாற்பது பக்கத்துக்கு எழுதியவனும் அவனேதான்.

சனிக்கிழமை, திங்கட்கிழமைச் சோதனைக்கென்று கடைசியாக மிஞ்சிய நாடாவைப் பட்டறையில் அப்பாவுக்கு வளைத்துக் காட்டிப் பெருமையடித்தான். சின்னக் கோணல் விழுந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பட்டறைப் பிள்ளைக்குக் கோணலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? சூடாகக் கிடந்த இரண்டு இரும்புப் பாளங்களுக்கு நடுவே நாடாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் நேராகத்தான் இருந்தது. ஆசையாக வளைத்தான். அப்பளமாக நொறுங்கியது.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போச்சே, சாமி!” என்றார் நாச்சிமுத்து.

கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயத்தோடு, மணப்பெண் சத்யபிரியாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். “நாடாவே சரியில்லைன்னு சார்கிட்டச் சொல்லிரலாம்னு இருக்கறனுங்க.”

“ஏனுங்க, சூடு பண்ணுனது நீங்கதானுங்களே? அதச் சொல்லுங்க.”

சொன்னான். அவன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், “எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“டிகிரி தெரியலைங்க சார். ஒரு டீ குடிக்கிற நேரம்.”

புதிதாக நாடா வார்த்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

மறுபடியும் அவளை அழைத்தான். “பத்திரிகைல அந்தப் பட்டத்து மேல கோடு போட்டு உடோணுமுங்க. ஆயிரத்துலயும்.”

அவள் சிரித்தாள். “உங்க ஊட்டு ஐநூறுல நீங்க போடுங்க. எங்க ஊட்டு ஐநூறுல நான் போட்டுக்கறேன்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து முதல் பத்திரிகையில் கோடு போட்டான். கோணலாக விழுந்தது. அதை நேராக்க அவன் முயலவில்லை.