சேத்தியாத்தோப்பு பஸ்ஸின் குறுக்கு வழி

சேத்தியாத்தோப்பிலிருந்து நெய்வேலிக்கு வரும் காலை பஸ், டிரைவர் கொளஞ்சியப்பன் தூங்கிய நாட்களில் மட்டும் கால் மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்தது. காரணம் எளிது. விழித்திருந்தால் அவர் சுரங்கத்தைச் சுற்றிப்போகும் புதிய தார்ச்சாலையில் ஓட்டுவார். தூங்கிவிட்டால் பஸ் பழைய வண்டிப்பாதையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாதையையும் அதன் அடியிலிருந்த மண்ணையும் சுரங்கத்துக்காக எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் முன்பு தரை இருந்த உயரத்திலேயே, குழிக்கு மேலே, பஸ் குலுங்கிக்கொண்டு போகும். இல்லாத பள்ளங்களில் தூக்கிப்போடும். ஜன்னல் வழியே செம்மண் புழுதி அடிக்கும். கீழே மண்வெட்டும் இயந்திரங்கள் தீப்பெட்டி போலத் தெரியும்.

பஸ்ஸுக்கு வருமுன் கொளஞ்சியப்பன் அதே பாதையில் மாட்டுவண்டி ஓட்டியவர். நெல்மூட்டை ஏற்றியதும் அதன்மேல் சாய்ந்து தூங்கிவிடுவார்; மாடுகள் வழி தெரிந்து போய்ச்சேரும். ஸ்டியரிங்கைப் பிடித்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. முதல் வாரம் பயணிகள் அலறினார்கள். இரண்டாம் வாரம் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். பஸ் முதலாளி சிங்காரவேலுக்குத்தான் பொறுக்கவில்லை. "குழி மேல போ, மானத்து மேல போ, அது எனக்குத் தெரியாது. டிரைவரு தூங்கறான்னு பேரு வந்தா பர்மிட்டு போயிடும். இன்னொரு வாட்டி கண்ண மூடுன, சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ" என்றார். அன்றிலிருந்து கொளஞ்சியப்பன் பச்சை மிளகாயைக் கடித்தபடி ஓட்டினார். கண்ணில் நீர் வழிந்ததே தவிர, தூக்கம் வரவில்லை. பஸ் பழையபடி தார்ச்சாலையிலேயே சுற்றிப்போனது.

அறுபத்து நான்காம் வருஷத்து ஐப்பசி மழையில் அந்தச் சாலையின் பாலத்தை, பஸ்ஸின் கண்ணெதிரே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பிப் போகவும் வழியில்லை, பின்னாலும் வெள்ளம். பஸ்ஸுக்குள் அம்சவல்லி பிரசவ வலியில் துடித்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நெய்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்திருந்தாள். முன்சீட்டில் சிங்காரவேலே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தூங்குண்ணே!" என்றார் கண்டக்டர் ராயப்பன்.

"மொதலாளி பக்கத்துல குந்திகினு இருக்காரு. எப்பிட்றா வரும்?"

அம்சவல்லியின் மாமியார் வீரம்மாள் எழுந்து நின்று கத்தினாள். "தூங்குடா பாவி! தெனம் தூங்கிகினு வந்தியே, இன்னிக்கி இன்னா வந்துது ஒனக்கு?" பஸ் முழுக்க எழுந்து, தூங்கு தூங்கு என்று கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலில் அவருக்குக் கண் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது.

கூட்டத்தில் தனகோட்டி என்ற சுரங்கத் தொழிலாளி இருந்தார். டபுள் ஷிப்ட் பார்த்தவர். வாய்விட்டு ஒரு கொட்டாவி விட்டார். பக்கத்து ஆளுக்கும் வந்தது. உடனே ராயப்பனுக்கு விஷயம் பிடிபட்டது. "கத்தாதீங்க, எல்லாரும் கொட்டாவி வுடுங்க!" பின்சீட்டிலிருந்து கொட்டாவி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. இரண்டு வலிக்கு நடுவே அம்சவல்லியும் விட்டாள். கடைசியில் சிங்காரவேல் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூங்குய்யா கொளஞ்சி. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

கொளஞ்சியப்பனின் தலை சாய்ந்தது. கால் மட்டும் ஆக்சிலேட்டரை மிதித்தது. பஸ் சாலையை விட்டு விலகி, மழைக்குள், குழிக்கு மேலே பாய்ந்தது. வெறும் காற்றில் சேறு தெறித்தது. "போவுது, போவுது!" என்று குசுகுசுத்தார்கள், அவர் விழித்துவிடக்கூடாதே என்று ஒருவரும் இருமக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்ட பிறகுதான் அவர் கண் திறந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுவாரம் மந்தாரக்குப்பத்திலிருந்து பெயிண்டர் வந்தார். டிரைவர் சீட்டுக்கு மேலே 'டிரைவரோடு பேசக் கூடாது' என்றிருந்ததை அழித்து, 'டிரைவரை எழுப்பக் கூடாது' என்று எழுதினார். புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். அதன்மேல் ஆடு மேய்ப்பவர்கள் போனார்கள், பஸ் போகவில்லை.