வத்சலா லேத் வாங்கப் போன சனிக்கிழமை

வத்சலா லண்டன் ஹவுன்ஸ்லோவில் பழைய தையல் மெஷின்களைத் திருத்திக் கொடுப்பவர். கிழமையில் நான்கு நாள் விமான நிலையத்தில் ஷிப்ட். மற்ற நாட்களில் யாருடைய மெஷினாவது அவருடைய சாப்பாட்டு மேசையில் கழற்றிக் கிடக்கும். ஐம்பது வருடத்து மெஷின்களுக்கு உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதில்லை. விரல் நுனி அளவு பித்தளை வளையம் ஒன்றைக் கடைந்து தர ஒரு பட்டறையில் நாற்பது பவுண்ட் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து லேத் என்ற கடைசல் இயந்திரத்தை ஓட்டப் பழகினார். பழகியதும், சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

கணவர் கணேசலிங்கம் தடுக்கவில்லை. "மற்ற மனிசிமார் சங்கிலி கேக்கினம், என்ர மனிசி லேத் கேக்கிறா. நல்லது. கள்ளன் வந்தாலும் தூக்க ஏலாது" என்றார்.

வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் திருத்திய பிறகு கையில் மிஞ்சியது முந்நூற்றைம்பது பவுண்ட். பல கிழமை தேடியபின் ஒரு விளம்பரம் அகப்பட்டது. கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் சின்ன லேத் ஒன்று, நானூற்றெண்பது பவுண்ட், விலை பேசலாம். அந்தக் கடைசிச் சொல்லை நம்பித்தான் இருவரும் சனிக்கிழமை காலை புறப்பட்டார்கள்.

காரில் வத்சலா கணவருக்குச் சட்டம் போட்டார். "விலை பேசி முடியுமட்டும் ஒண்டையும் நல்லாயிருக்கெண்டு சொல்லாதேங்கோ. தேத்தண்ணி தந்தாலும் வேண்டாம். அவையின்ர வீட்டில வாய் நனைச்சிட்டு எப்பிடி விலையைக் குறைக்கிறது?"

"வெள்ளைக்காரற்ர தேத்தண்ணிதானே," என்றார் கணேசலிங்கம். "வேண்டாமெண்டுறது கஷ்டமில்லை."

கதவைத் திறந்தவர் வெள்ளைக்காரர் அல்ல. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "தமிழோ? உள்ளுக்கு வாங்கோ" என்றார். பெயர் டயனா. வீட்டில் மணிக்கூடு திருத்துகிறவர். பெரிய லேத் ஒன்று வாங்கிவிட்டதால் சின்னதை விற்கிறார். அவருக்குப் பின்னால் சமையலறையிலிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரிக்கும் வாசம் வந்தது. வத்சலா கணவரின் முகத்தைப் பார்த்தார். அது ஏற்கெனவே இளகியிருந்தது.

லேத் தோட்டத்து ஷெட்டில் இருந்தது. வத்சலா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் சக் எனப்படும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தலைப்பகுதியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆட்டமில்லை. மோட்டாரைப் போட்டார். சத்தம் சீராக இருந்தது. பிறகு வெட்டும் கத்தியைச் சுமந்து நகரும் பகுதியைச் சக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, அங்கே சற்றும் ஆடாதபடி இறுக்கினார். இறுக்கியபடியே மறுமுனைக்கு உருட்டினார். பாதி தூரத்தில் அது சிக்கிக்கொண்டது.

இதற்குள் கணேசலிங்கத்தின் கையில் ஒரு தட்டு இருந்தது. "சாப்பிட்டுப் பாருங்கோ அண்ணை" என்று டயனா நீட்டியபோது அவர் ஒரு நொடி தயங்கினார் என்பதற்கு வத்சலாவே சாட்சி. ஒரு நொடிதான்.

"நல்லாயிருக்கு," என்றார் வாய் நிறைய. பிறகு சட்டம் நினைவுக்கு வர, "ரோல்ஸைச் சொன்னனான்" என்று சேர்த்தார்.

வத்சலா அவரைக் கவனிக்காமல் டயனாவிடம் சொன்னார்: "இஞ்ச தலைப்பக்கம் தேஞ்சிருக்கு. அங்கால தேயேல்லை. அதுதான் பாதியில சிக்குது."

"ஓம்," என்றார் டயனா. "என்ர வேலை எல்லாம் சின்னச் சாமான். பத்து வருசமா அந்த இடத்திலயே ஓடினது. நீங்கள் கண்டுபிடிக்காட்டியும் காசு வாங்க முன்னம் சொல்லியிருப்பன். உங்களுக்கு முன்னம் வந்தவர் பெயின்ற்றை மட்டும் தடவிப் பாத்திட்டுப் போட்டார்." சிரித்துவிட்டு நேரே கேட்டார். "எவ்வளவு தருவியள்?"

"இருநூற்றெண்பது," என்றார் வத்சலா.

கணேசலிங்கத்துக்குப் புரையேறியது. இருமினார். கண்ணில் நீர் வந்தது. டயனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"அண்ணை, அக்கா எவ்வளவு கொண்டு வந்தவ?"

வத்சலா கணவரை முறைத்தார். அவர் தட்டைப் பார்த்தார். தட்டில் அரை ரோல் மிச்சம் இருந்தது.

"முந்நூற்றைம்பது," என்றார் கணேசலிங்கம்.

பிறகு டயனா மேசைக்கு அடியிலிருந்து கனமான மரப்பெட்டி ஒன்றை இழுத்தார். அதில் பல அளவில் பல்சக்கரங்களும், தீட்டி எண்ணெய்த் துணியில் சுற்றிய கத்திகளும் இருந்தன. "முந்நூற்றைம்பதைத் தாங்கோ. இதையும் கொண்டு போங்கோ. தனிய வாங்கினா நூறுக்கு மேல போகும்."

லேத்தை இரண்டாகக் கழற்றி, மூவருமாகத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். காரின் பின்பக்கம் தாழ்ந்தது. ஹவுன்ஸ்லோ வரும்வரை வேகத்தடை ஒவ்வொன்றிலும் கணேசலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

"முந்நூறுக்கு முடிச்சிருப்பன்," என்றார் வத்சலா.

"முந்நூறுக்கு அந்தப் பெட்டி வந்திருக்குமோ?"

வத்சலாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஆனாலும் வழி நெடுக ஒரு பல்சக்கரத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கிழமை பிரீத்தா என்ற வாடிக்கையாளரின் மெஷினுக்கு வளையம் கடைந்தார். முதலாவது ஒரு மயிரிழை ஒடுங்கிப்போனது. இரண்டாவதை வத்சலா தரையில் தவறவிட்டு அரை மணி நேரம் தேடினார், கிடைக்கவில்லை. மூன்றாவது கிளிக் என்று போய் உட்கார்ந்தது. பழைய திரைச்சீலைத் துண்டு ஒன்றை வைத்து மிதித்தார். தையல் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. நூலை வெட்டாமல் துணியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார்.

கணேசலிங்கம் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். உள்ளங்காலில், கடைந்தபோது சிதறிய பித்தளைச் சுருள் ஒன்று குத்தியிருந்தது.

"உம்மட ரண்டாவது வளையம் கிடைக்கேல்லை," என்றார், கதிரையில் சாய்ந்து காலைத் தூக்கிக் காட்டியபடி. "ஆனா அதின்ர மிச்சம் முழுக்க என்ர காலிலதான் இருக்கு."

வத்சலா ஒரு கையில் துணியை விடாமலே மற்றக் கையால் மேசை விளக்கை அவர் காலுக்குத் திருப்பினார். "முதல் தையலைப் பாருங்கோ. பிறகு எடுத்து விடுறன்."

அவர் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.