இருநூற்று இருபத்து மூன்று பேர்

கனிமொழிக்குக் கும்மியடிக்க வராது. கடலூரில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவப் பெண்கள் சிதம்பரத்தில் ஒரு விழாவுக்குக் கும்மியடிக்கப் போவதென்று முடிவானதும், வரிசை பிரித்து நிறுத்த அவளைக் கூப்பிட்டார்கள். வரிசைக்குப் பதினைந்து பேர், பதினைந்து வரிசை. இரண்டு மாதம் விசிலும் கையுமாக ஓரமாய் நின்றாள்.

விழாவன்று பஸ்களிலிருந்து இறங்கியவர்களை எண்ணினால் இருநூற்று இருபத்து மூன்று, இரண்டு பேர் குறைவு. ஒருத்தியின் மாமியாருக்கு நெஞ்சுவலி, இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல்.

ஏற்பாட்டாளர் சக்கரபாணி வேகவேகமாக வந்தார்.

“மேலேருந்து ட்ரோன்ல எடுக்குறாங்க டீச்சர். நடுவுல ஓட்ட விழுந்தா அசிங்கமா தெரியும். கடைசி வரிசை பதிமூணு பேரையும் ஒக்கார வச்சிடுங்க.”

“பதிமூணு பேரா? அஞ்சு நிமிஷம் குடுங்க சார்.”

பெயர்ப் பட்டியலைத் திருப்பி, எண்ணைக் காரணிகளாக உடைத்துக் கிளை கிளையாக வகுப்பில் போடுகிற காரணிச் செடியைப் போட்டாள். உச்சியில் 223. இரண்டு, மூன்று, ஐந்து எதுவும் போகவில்லை. ஏழால் வகுத்தால் மீதி ஆறு. பதினொன்றுக்கு மூன்று, பதிமூன்றுக்கு இரண்டு. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை, பகா எண். செடி ஒரு கிளைகூட விடவில்லை. 222-ஐ உடைத்தால் இரண்டு, மூன்று, முப்பத்தேழு. முப்பத்தேழு பேர் நீளத்துக்கு மைதானத்தில் இடமில்லை. 221 பதிமூன்றாகவும் பதினேழாகவும் பிரிந்தது.

“ரெண்டு பேர் ஒக்காந்தா போதும் சார்.”

“அப்ப அந்தப் பெரியம்மாவும் பக்கத்துல நிக்கிறவங்களும்,” என்று கை காட்டினார்.

பெரியம்மா என்றது செல்லாயியை. மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு தினமும் பழக வந்தவள்.

“பரவால்ல டீச்சர், எனக்குக் காலு வலிக்கிது, ஒக்காந்துக்கிறேன்,” என்றாள் செல்லாயி. சொன்னாளே தவிர, வரிசையை விட்டு நகரவில்லை.

கனிமொழி இன்னொரு செடி போட்டாள். 224. இரண்டு, நூற்றுப்பன்னிரண்டு, இரண்டு, ஐம்பத்தாறு, இறங்கி இறங்கி ஐந்து இரண்டும் ஓர் ஏழுமாக நின்றது. ஏழை ஓர் இரண்டால் பெருக்கினால் பதினான்கு. மிச்ச நான்கு இரண்டுகளையும் பெருக்கினால் பதினாறு. வரிசைக்குப் பதினான்கு பேர், பதினாறு வரிசை. ஒரு பெண் கூடுதலாக வேண்டும். மைதானத்தில் சுற்றிலும் வேறு குழு, வேறு ஆட்டம். மீதம் இருப்பது அவள் ஒருத்திதான்.

“யாரும் ஒக்கார வேணாம் சார். நான் நிக்கிறேன்.”

“ஒங்களுக்கு ஆடத் தெரியுமா?”

“பாத்திருக்கேன்.”

வராதவளுக்காகக் கொண்டுவந்திருந்த மஞ்சள் புடவையைச் செல்லாயியே சுடிதாரின் மேல் சுற்றிவிட்டாள். பதினாறு வரிசையையும் பிரித்து நிறுத்திவிட்டு, கனிமொழி கடைசி வரிசையில் செல்லாயி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இரண்டாவது அடியிலேயே, எல்லாரும் வலப்பக்கம் திரும்ப இவள் இடப்பக்கம் திரும்பினாள். முழங்கை செல்லாயியின் தோளில் இடித்தது.

“அங்க எங்க பாக்குற? என் கையப் பாரு,” என்று பல்லைக் கடித்தாள் செல்லாயி.

அதற்குப்பின் கனிமொழி அந்தக் கையை மட்டும் பார்த்தாள். தாளம் ஒரு நொடி பிந்தியே வந்தது. ஆனால் வந்தது.

திரும்பும் வழியில், ஆலப்பாக்கம் தாண்டும்போது சக்கரபாணியின் படம் போனுக்கு வந்தது. ஓட்டையில்லாத மஞ்சள் கட்டம். எல்லாக் கையும் மேலே இருக்க, ஒரு ஜோடி கை மட்டும் கீழே.

“இது யாரு?” என்றாள் செல்லாயி.

“நான்தான்.”

செல்லாயி சிரிக்கவில்லை. “திங்கக்கெழம சாயங்காலம் வந்துடு,” என்றாள். “மொதல்ல காலு. கையி அப்புறம்.”