வரட்டுங்களா என்று கேட்கக்கூடாத ஊர்

"அந்த ஊத்துல தண்ணி இல்லீங்க" என்று நஸ்ரின் சொன்ன மறுநாள் காலை, செம்மநத்தத்து ஊற்றில் தண்ணீர் இல்லை. வற்றிப்போனது என்று சொல்ல முடியாது, வற்றினால் சேறாவது மிஞ்சும். தண்ணீரையே கண்டிராத பாறையாக அடி வெளுத்துக் கிடந்தது. குடத்தோடு போன சின்னத்தாயி உள்ளே இறங்கி நின்று பார்த்துவிட்டு, புடவை நுனிகூட நனையாமல் ஏறி வந்தாள்.

நடந்ததென்னவோ விளையாட்டுதான். ஊர்க் குறையை அதிகாரிகளிடம் எடுத்துப் பேசச் சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்குவதற்காக, ஒரு தொண்டு நிறுவனம் செம்மநத்தத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தது. பயிற்சி கொடுத்த ஜீவானந்தம் நல்ல மனிதர், கொஞ்சம் வாய் ஓயாதவர். மாதிரி கிராம சபை நடத்தலாம் என்றார். ஊர்க்காரர்கள் தங்கள் நிஜமான குறையைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அவர்கள் பக்கம் நின்று வாதாட வேண்டும், ஒருவர் மட்டும் அதிகாரியாக உட்கார்ந்து எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வேண்டும். முடியாது என்கிற ஆளிடம் பேசிப் பழகினால்தான் பிள்ளைகள் தேறுவார்கள் என்பது அவர் எண்ணம். அந்த நாற்காலிக்கு எவரும் முன்வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான நஸ்ரின் போய் உட்கார்ந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகப் பொருந்தினாள். ஏற்காட்டில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற சையத் இப்ராஹிமின் ஒரே பெண் அவள். கடை லைசென்சுக்காக அத்தாவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவளுக்கு, முடியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது அத்துப்படி. காலை பஸ்ஸை நேரத்துக்கு விடச் சொல்லிக் கேட்டார்கள். "இந்த ரோட்டுல பஸ் வராதுங்க" என்றாள். ஊற்றைத் தூர்வாரக் கேட்டதற்குத்தான் தண்ணீரே இல்லை என்றது. எதிரே நின்ற தோழிகள் சட்டம் பேசினார்கள், கெஞ்சினார்கள், தொண்டை வறண்டு தோற்றார்கள். ஊரே கைதட்டியது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பின்னாளில் அவள் எதற்காவது நொந்துகொண்டாள் என்றால் அந்தக் கைதட்டலில் பூரித்ததற்குத்தான்.

மறுநாள் பஸ்ஸும் வரவில்லை. ஏற்காட்டில் கிளம்பிய பஸ் செம்மநத்தத்து வளைவில் திரும்பியதும், மறுபடி ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டிலேயே போய் நின்றதாம். டிரைவர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பயந்துபோன ஜீவானந்தம் முகாமைக் கலைத்து வேன் வரவழைத்தார். "வாடி, ஊருக்குப் போலாம்" என்று தோழி பர்ஹானா கையை நீட்டினாள். வருகிறேன் என்று சொல்லத்தான் நஸ்ரின் வாயைத் திறந்தாள். "அதுக்கு வழியில்லீங்க" என்று வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தால் வேன் நகரவில்லை, இறங்கினால் நகர்ந்தது. எதைக் கேட்டாலும் அந்த வாய்க்கு மறுப்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியவங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஓடியாறேன். வரட்டுமா கண்ணு?" என்றார். விடைபெறும்போது எல்லோரும் கேட்பதுதானே. போகிறேன் என்றால் ஒரேயடியாகப் போவதாகிவிடும் என்றுதானே நாம் வரட்டுமா என்கிறோம். நஸ்ரின் பல்லைக் கடித்தாள், கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வந்துவிட்டது: "வர முடியாதுங்க." பாவம் மனுஷன், பிறகு எத்தனையோ தரம் முயன்று பார்த்தார். ஏறிய ஒவ்வொரு முறையும் ரோடு அவரை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டது.

ஊற்றைத் தொலைத்தவளுக்கு அந்தச் சின்னத்தாயி வீட்டிலேயே இடம் கிடைத்தது. சின்னத்தாயி எதையும் கேட்காமல் தட்டில் களியை வைப்பாள், அவளும் சாப்பிடுவாள். கேட்டால்தானே வம்பு. ஆனால் தூரத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து இடுப்பு ஒடிந்த ஒரு நாள், சின்னத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நாங்க தண்ணியில்லாமயே கெடக்கட்டுமா?" என்று கத்திவிட்டாள். "கெடக்க முடியாதுங்க" என்றது நஸ்ரினின் வாய். பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லா வீட்டு அடுப்படியிலும் தண்ணீர் கிளம்பியது. முதலில் குலவை போட்டார்கள். தண்ணீர் நிற்கவே இல்லை. கணுக்காலுக்கு ஏறியது, விதைத் தினை அழுகியது, சுவரெல்லாம் பாசி பிடித்தது. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்துப் படுத்தார்கள். தண்ணீரை நிறுத்து என்று கேட்கவும் பயம், அவள் அதற்கும் முடியாது என்பாளே. ஊரார் அவள் எதிரே வந்தால் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள்.

சையத் இப்ராஹிம் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுதுவிட்டு, ஸ்கூட்டரில் தின்பண்டத்தோடு வருவார். சின்னத்தாயியின் புருஷன் முனியப்பன் முதல் நாளே எச்சரித்திருந்தார்: "ஏனுங்க பாய், கெளம்பறப்ப வாய் தவறி வரட்டுமான்னு கேட்டுப்போடாதீங்க. அப்புறம் புள்ளையப் பாக்கவே முடியாது." ஆகவே மகள் தலையில் கையை வைப்பார், பேசாமல் ஸ்கூட்டரை உதைப்பார். ஆனாலும் வாழ்நாள் பழக்கமல்லவா, வாரம் தவறாமல் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை "வர..." என்று தொடங்கியே விட்டார். நாக்கைக் கடித்து மிச்சத்தை நிறுத்தினார், தாடியில் ரத்தம் வழிந்தது. இன்றில்லாவிட்டால் அடுத்த வாரம் அத்தா கேட்டுவிடுவார், தன் வாயே அவரைத் துரத்திவிடும் என்று நஸ்ரினுக்குத் தெரிந்துபோனது.

அவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் ஒரு துணிமூட்டையோடு வந்தார். மனைவி பாத்திமாவிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தார். முனியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "யோசிச்சுப் பேசுங்க பாய். தண்ணி கேட்ட கதை ஆயிப்போயிரும்" என்று கையைப் பிடித்தார். "யோசிச்சுட்டேனுங்க" என்றார் இவர். தண்ணீரில் கால் நனைய மகள் முன்னால் போய் நின்று, வீட்டை விட்டுக் கிளம்பும் எவரும் வாயில் வைக்காத அந்த வார்த்தையைக் கேட்டார்.

"கண்ணு, நான் போகட்டுமா?"

அன்றைக்குத்தான் நஸ்ரினின் மனசும் வாயும் ஒன்றையே சொல்லின. "போக முடியாதுங்க அத்தா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எந்த வளைவில் திரும்பினாலும் ரோடு செம்மநத்தத்தில் முடிந்தது. அவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்னதாக மிளகு, காப்பித்தூள் கடை போட்டார். ஏற்காட்டுக் கடையை ஒருவர் பார்க்க வேண்டுமே, பாத்திமா அங்கே இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள். அவளும் எதையும் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் சையத் இப்ராஹிமுக்கு நெஞ்சு வலித்தது. மத்தியானம் சாய்ந்தவர் சாய்ந்தபடியே கிடந்தார். நர்ஸம்மா வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பள்ளிவாசலிலிருந்து, உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கோடு ஆட்கள் ஏறி வந்தார்கள், குளிப்பாட்டத் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. கஃபன் துணியை விரிக்கும்போது அவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். நர்ஸம்மா மறுபடி நாடி பார்த்தார். நாடி இல்லை. வந்தவர்கள் டீயைக் கொடுத்துவிட்டு, வெறும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்கள்.

இப்போதும் கடையில்தான் இருக்கிறார். பனிக்காலத்தில் எல்லோர் வாயிலும் புகை வருகிறது, அவர் வாயில் வருவதில்லை. உடம்பில் சூடு நிற்காததால் பாத்திமா இன்னொரு கம்பளி வாங்கி வந்து போட்டாள். "ஒண்ணும் வலிக்கல கண்ணு, நொம்ப நல்லாத்தான் இருக்கேன்" என்பார் மகளிடம். சாயங்காலம் கடையடைத்த பின் நஸ்ரின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். கை சில்லென்று இருக்கும். அவள் விடுவதில்லை.