நீள வளைவில் விழுந்த முள்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளுக்கு வாரமெல்லாம் இருக்கிற அவசரம் போதாதா, விடுமுறை நாளிலும் பந்தயம் ஓட்ட வேண்டுமா என்று உறவுக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அண்ணி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அங்க பின்னாடி ஒரு உயிர் படுத்திருக்கும். இங்க நான் மட்டும்தானே, நிம்மதியா ஓட்டலாம்."

அவளுக்குப் பந்தய வண்டி கட்டிக் கொடுத்தது கொழுந்தன். வீட்டில் இளையவன், பக்கத்துச் சந்தில் சொந்த ஒர்க்‌ஷாப். ஒரு பழைய குடும்பக் காரை வாங்கி, பின் சீட்டையும் பக்கத்து சீட்டையும் கழற்றிக் கடாசிவிட்டு, எஞ்சினுக்கு டர்போ பூட்டி, அதன் பிறவிப் பலத்தை இரண்டு மடங்காக்கியிருந்தான். பூனைக்குப் புலியின் நெஞ்சை வைத்த மாதிரி ஒரு வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதனால்தான், முதல் ஒத்திகை முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு அண்ணி சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"தம்பி, அந்த நீள வளைவுல ஆயில் பிரஷர் விழுது."

"மீட்டர் கோளாறா இருக்கும் அண்ணி."

"மீட்டர் கோளாறுன்னா எல்லா இடத்துலயும் விழணும்ல? இது அங்க மட்டும்தான் விழுது. நேர் ரோட்டுக்கு வந்ததும் முள்ளு ஒண்ணும் தெரியாத மாதிரி ஏறி உட்கார்ந்துக்குது."

 இளையவன் நம்பவில்லை. மீட்டரை மாற்றினான்; முள் விழுந்தது. பெரிய பம்ப் போட்டான், விழுந்தது. கெட்டியான எண்ணெய் ஊற்றிப் பார்த்தான். வண்டி நிற்கும்போது முள் கம்பீரமாக நின்றது, வளைவுக்குப் போனதும் மறுபடி தொங்கிவிட்டது. பிரஷர் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடினாலே போதும். எண்ணெய்ப் படலம் அறுந்து, உள்ளே சுழலும் தண்டும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகமாக உரசி, எஞ்சின் இரும்புக் கடைக்குப் போய்விடும்.

"அந்த ஒரு இடத்துல மட்டும் காலைக் கொஞ்சம் அடக்கி ஓட்டக்கூடாதா அண்ணி?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

அவள் கோபப்படவில்லை. "நீ கழட்டின பக்கத்து சீட்டைத் திரும்பப் பூட்டு. நீயே வந்து உட்கார்ந்து பாரு."

பூட்டினான். உட்கார்ந்தான். அதுவரை அவன் அவளை ஓட்டச் சொல்லி வெளியே நின்று பார்த்திருக்கிறானே தவிர, கூடப் போனதில்லை. வண்டி அவன் நினைத்ததைவிட வேகமாகப் போயிற்று, ஆனால் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. பின்னால் நோயாளி இருக்கிற மாதிரிதான் இங்கேயும் ஓட்டுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. இந்தக் கையையா குறை சொன்னோம் என்று உள்ளுக்குள் நாணிப்போனான்.

நீள வளைவு வந்தது. கண்ணை முள்ளிலேயே வைத்திருந்தான். வளைவு முடிவதாக இல்லை. அவன் உடம்பு கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டது; தலையை நிமிர்த்த முடியவில்லை. முள் சரசரவென்று இறங்கியது.

"நானே இப்படிக் கதவுல அப்பிக் கிடக்குறேன், எண்ணெய் மட்டும் நடுவுல நிக்குமா?" என்று கத்தினான்.

"என்ன?" என்றாள் அண்ணி, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல்.

"எண்ணெய் ஒதுங்குது அண்ணி! பம்ப் காத்தைக் குடிக்குது!"

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற சட்டியை அன்றே கழற்றிவிட்டான். சட்டி அகலம், ஆழம் இல்லை. வளைவில் எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கச் சுவரில் ஏற, நடுவில் இருக்கிற உறிஞ்சு குழாய் வெறும் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. இதற்குப் போய்ப் பெரிய பம்ப் போட்டால், பெரிதாகக் காற்றைக் குடிக்கும், அவ்வளவுதான். குழாயைச் சுற்றித் தகட்டால் ஓர் அறை கட்டி, ஒவ்வொரு சுவரிலும் உள்பக்கமாக மட்டும் திறக்கும் சின்னக் கதவு வைத்தான். டர்போவின் சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் இருக்க, முன்பக்கம் ஒரு கூலரும் அதற்கு இரண்டு குழாய்களும் போட்டான்.

"எண்ணெய் உள்ள வரலாம், வெளிய போக முடியாது" என்று கதவுகளை ஆட்டிக் காட்டினான்.

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு" என்றாள் அண்ணி.

மருந்துக்கடை வைத்திருக்கிற அவள் கணவன், இளையவனின் அண்ணன், தலையை மட்டும் ஆட்டிவைத்தான். மனைவி பந்தயம் ஓட்டும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நேரம் குறிக்க ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற புண்ணியவான் அவன். "அந்த எஞ்சினுக்கு பிரஷர் இறங்குது, எனக்கு ஏறுது. ரெண்டுக்கும் சேர்த்து மருந்து கண்டுபிடிடா" என்பான்.

பந்தய நாளில் வளைவில் முள் அசையவே இல்லை. வரிசையின் நடுவில் இருந்து கிளம்பிய அண்ணி ஒவ்வொருவராகத் தாண்டி முதலில் வந்துவிட்டாள். கடைசிச் சுற்று. அண்ணன்கூட ஒரு கண்ணைத் திறந்தான். நேர் பாதைக்கு வந்த வண்டியின் சத்தம், கத்தரித்த மாதிரி நின்றது. வண்டி உருண்டபடியே பாதையை விட்டுப் புல்தரைக்கு ஒதுங்கி, அங்கே நின்றது. நீலக் கார் ஒன்று அதைத் தாண்டிப் போய் முடிவுக்கோட்டைத் தொட்டது.

இளையவன் மூச்சிரைக்க ஓடினான். அண்ணி தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணி? இன்னும் கொஞ்ச தூரம்தானே?"

"நேர் ரோட்டுல முள்ளு விழுந்துச்சு தம்பி. வளைவுல விழுந்தா எண்ணெய் ஒதுங்குதுன்னு அர்த்தம். நேர்ல விழுந்தா எண்ணெயே இல்லைன்னு அர்த்தம். அணைச்சுட்டேன்."

குனிந்து பார்த்தான். கூலருக்குப் போகிற குழாய், அதைத் தாங்க அவன் அவசரத்தில் மாட்டிய ஒரு தகட்டுப் பிடியின் விளிம்பில் உரசி உரசிக் கிழிந்திருந்தது. புல்லெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"என் தப்பு அண்ணி."

"சரி, அதுக்கென்ன இப்போ. எஞ்சின் பிழைச்சுதா பாரு."

அதற்குள் நீலக் கார்க்காரர் கோப்பையைக்கூட வாங்காமல் நேராக இங்கே வந்துவிட்டார். "நீங்க அப்படியே ஓட்டியிருந்தா அந்த எண்ணெய் பூரா என் டயருக்கு அடியில வந்திருக்கும். நான் சுவத்துல போய்தான் நின்னிருப்பேன்" என்றார்.  "தினமும் ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் ஓரங்கட்டுவாங்க, இன்னிக்கு என் முறைங்க" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை இளையவன் எஞ்சினைப் பிரித்தான். ஒவ்வொரு பேரிங்காக எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. முகம் பார்க்கலாம் போலிருந்தது. முதலிடத்தில் போகும்போது, முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும்போது, சாவியைத் திருப்ப ஒரு மனசு வேண்டும். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் திருப்பியிருக்க மாட்டோம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான். "பாருண்ணா, புதுசு மாதிரி இருக்கு. உன் பொண்டாட்டி சாதாரண ஆள் இல்லை."

"அது எனக்குத் தெரியாதா? நீ இப்பத்தான் கண்டுபிடிச்சியா?" என்றான் அண்ணன்.

அடுத்த பந்தயத்தில் அதே எஞ்சினோடு அண்ணி மூன்றாவதாக வந்தாள். முள் எங்கேயும் இறங்கவில்லை. அன்று முழுப் பந்தயத்தையும் அண்ணன் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தான். ஸ்டாப்வாட்சை அழுத்தத்தான் மறந்துபோனான்.