தோ வரேன்

கருவாட்டுக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஏஞ்சல் மூன்றாம் தடவையாகக் குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, மணி ரெண்டாவுது. சாப்ட வாங்க."

மூடிய கதவுக்குப் பின்னால் கிதார் நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு சின்ன இருமல். "தோ வரேன்," என்றது இம்மானுவேலின் குரல்.

அந்த 'தோ'வின் லட்சணம் இருபத்தாறு வருஷமாய் அவளுக்குத் தெரியும். புதுவாயல் வெல்டிங் ஷெட்டில் முடியை வளர்த்துக்கொண்டு ராக் பேண்டு நடத்தியபோதும் அதே 'தோ'தான். பிறகு சினிமா வந்தது. இரண்டு படத்தோடு போயும் விட்டது. இப்போது டிவி சீரியலுக்குப் பின்னணி இசை. மாமியார் முறைத்தால் ஒரு டொய்ங், மருமகள் மயங்கினால் ஒரு டொய்ங். ஊரையே ஆடவைத்த கைக்கு இதுதான் பிழைப்பு என்று அவளுக்கு வயிறு எரியும்.

காலையிலேயே நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். சீரியலில் இன்றைக்குப் பெரியவர் சாகிறார், நாலு மணிக்குள் சாவுக்கான இசை பிட்டை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையில் சத்தம் நிற்கும்வரை யாரும் நுழையக் கூடாது. ஒருமுறை காபியோடு நுழைந்து பதிவாகிக்கொண்டிருந்த டேக்கைக் கெடுத்ததற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மகராசன்.

தட்டில் சோற்றைப் போட்டாள். அவள் கூப்பிடவேயில்லை.

"தோ வரேன்."

கரண்டி கையிலேயே நின்றது. அதே இருமல். அதே இழுப்பு. கிதார் முதலிலிருந்து தொடங்கியது. அவள் நகராமல் கேட்டாள். நாலு நிமிஷம் இருக்கும். இருமல்.

"தோ வரேன்."

கதவைத் தள்ளினாள். நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் கிதார். தொட்ட கை சில்லென்றிருந்தது.

பேண்டில் டிரம்ஸ் வாசித்த அந்தோணிதான் முதலில் ஓடிவந்தான். இப்போது நாலு வீடு தள்ளி மைக்செட் கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரைப் பார்த்தவன், மைக் ஆனில் இருந்தபோது பேசியது பிட்டோடு பதிவாகிவிட்டது, கேட்டுப் பார்க்கத் திரும்பத் திரும்ப ஓடும்படி சுற்றவிட்டிருக்கிறார் என்று தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"பன்னண்டரைக்கு மொதல்ல கூப்டேன் அந்தோணி. அப்ப பேசனதா?"

அவன் திரையைப் பார்த்தான். "ஆமா அண்ணி. அது ஒண்ணுதான்."

ஒன்றரை மணி நேரம். ஒரு பெட்டி சொன்ன பதிலை நம்பி, நடுவில் வந்த 'தோ'வையெல்லாம் மிக்ஸி, தாளிப்புச் சத்தத்தில் விட்டுவிட்டு, குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். எட்டடி தூரம். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. பாவி நான், பாவி நான் என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

தெருவில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். பாஸ்டருக்குச் சொல்லியாயிற்று. அந்தோணி சத்தத்தை நிறுத்தக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும்," என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அடுப்படிக்குப் போய்ச் சோற்றில் குழம்பை ஊற்றித் தட்டை எடுத்துவந்தாள். அறை வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"இன்னாங்க, சாப்ட வாங்க."

கிதார் ஓடிக்கொண்டிருந்தது. குழம்பில் ஆடை படியத் தொடங்கியது. அப்புறம் அந்த இருமல் வந்தது.