அழைக்க வேண்டிய முப்பத்தொரு பேர்

மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு நோண்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். பதினேழு வருஷத்தில் அது முன்பக்கமும் வந்துவிட்டது. "நோண்டி அக்கா, இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள். அவளும் "கொண்டா" என்பாள். ரத்தத்தைச் சோதித்து இயந்திரம் துப்பும் எண்ணை வந்தபடியே விட்டுவிட அவளால் ஆகாது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் எப்படி இருப்பார், நடப்பாரா, படுத்துவிட்டாரா என்று யோசிப்பாள். பொருந்தவில்லை என்றால் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள்.

அந்தப் புதன்கிழமை காலை வந்த எண்ணுக்குச் சொந்தக்காரி அவளுடைய நாத்தனார்.

தைராய்டு அளவு. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில் கோளாறு தெரிந்து, டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லியிருந்தார். இப்போதும் அதேதான். இருக்க வேண்டிய ஒன்று அடிமட்டத்தில் கிடந்தது. இன்னொன்று கூரையைத் தொட்டது. சுரப்பி தறிகெட்டு ஓடுகிறது என்று அர்த்தம். முதல் எண்ணைப் பார்த்த அன்றே டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். மறுசோதனையும் அப்படியே இருந்தால், வரும் திங்கள் முதல் ஆரம்பம். அதில் அடங்கவில்லை என்றால் கதிரியக்க மருந்து கொடுத்துச் சுரப்பியையே பொசுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் அன்றிலிருந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அந்த எண்ணும் அந்த ஆளும் ஒட்டவே இல்லை. இந்த அளவு உள்ளவருக்கு நெஞ்சு படபடக்க வேண்டும், கை நடுங்க வேண்டும், வேர்த்துக் கொட்ட வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும். நாத்தனாரோ ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு, சோபாவிலேயே குறட்டை விட்டுத் தூங்கியவள். அவள் கையில் நூலைக் கொடுத்தால் ஒரே குத்தில் ஊசியில் கோப்பாள்.

நோண்டி கணவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏம்மா, டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது? என் தங்கச்சி விஷயத்துலயாவது நோண்டாம இரேன்" என்றான் அவன். கோபமில்லை, பயம்.

அவள் போனை வைத்துவிட்டு நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். சில வாரங்களுக்கு முன் ஒரு மருத்துவ இதழில் படித்த கட்டுரை மண்டையைக் குடைந்தது. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற பயோட்டின் வைட்டமினை அதிகமாகச் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகள் பொய் சொல்லும் என்று அதில் எழுதியிருந்தார்கள். இயந்திரம் ஹார்மோனை நேராகப் பார்ப்பதில்லை. கொக்கி போட்டுப் பிடிக்கிறது. கொக்கியின் ஒரு பாதி பயோட்டின், மறுபாதி அதை விடாப்பிடியாகக் கவ்வும் ஒரு புரதம். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய மிதந்தால், அது முந்திக்கொண்டு போய் அந்தப் புரதத்தில் இடம் பிடித்துவிடும். இயந்திரத்தின் கொக்கிக்கு மாட்ட இடமிருக்காது. ஒருவிதமாக அமைத்த சோதனையில் இதனால் எண் சரியும். வேறுவிதமாக அமைத்ததில் ஏறும். தைராய்டில் ஒன்று சரிந்து மற்றது ஏறினால், பார்க்கிறவருக்கு அது அச்சு அசல் நோய்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே ரயில் நிலையத்துக்குப் போனாள். நாத்தனார் அங்கே அறிவிப்பாளர். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மேஜை, ஒரு மைக்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? ரிசல்ட் வந்துடுச்சா? மோசமா?"

"அதை விடு. நீ வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"

"டாக்டரும் கேட்டார், இல்லைன்னு சொல்லிட்டேனே."

"முடிக்கு? நகத்துக்கு?"

நாத்தனார் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு மைக்கைத் தட்டினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடைக்கு வரவேண்டிய ரயில் இருபது நிமிடம் தாமதமாக வரும். ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்." மைக்கை அணைத்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள்.

"கொத்துக் கொத்தா கொட்டுது அண்ணி. சீப்பைப் பாக்கவே பயமா இருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணுதான் போட்டிருக்கு. நான் ரெண்டு போடறேன். சீக்கிரம் வளரட்டும்னு."

"கேட்டப்ப ஏன்டி சொல்லல?"

"இது மாத்திரையா அண்ணி? வைட்டமின்தானே!"

நோண்டிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "ஊரே உன் குரலைத்தான் கேக்குது. இந்தக் கூண்டுக்குள்ள உன் தலையை யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேனே" என்றாள் நாத்தனார்.

நோண்டி டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் மாத்திரை இல்லை. சனிக்கிழமை காலை புது ரத்தம். எண்கள் இரண்டும் சாதாரணமாக, சாதுவாக வந்து உட்கார்ந்தன. டாக்டர் தன் சீட்டைத் தானே கிழித்துப்போட்டார். நாத்தனார் போனிலேயே அழுதாள். கணவன் "நோண்டு, நீ நல்லா நோண்டு" என்றான். வீடே மூச்சு விட்டது.

நோண்டிக்கு மட்டும் அன்றைக்குத்தான் கவலை ஆரம்பித்தது.

ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் நிதானமான மனிதர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

"ஒரே ஒரு கேஸ்ம்மா. அதுவும் உங்க வீட்டு கேஸ்" என்றார்.

"தைராய்டு மட்டும்னா நான் இவ்வளவு பதற மாட்டேன் சார். மாரடைப்புக்குப் பாக்கற ட்ரோபோனின் இதே மிஷின்ல, இதே கொக்கியிலதான் ஓடுது. அதுல எண் ஏறாது. இறங்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இதயம் அடிபட்டவரின் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் கூடியிருக்கும். கூடியதை இயந்திரம் குறைத்துக் காட்டினால், நெஞ்சுவலியோடு வந்தவரை "ஒண்ணுமில்ல, வாயு" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"திங்கட்கிழமை மிஷின் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசறேன்."

"திங்கட்கிழமை வரைக்கும் நெஞ்சு பொறுக்குமா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஆளுங்களைக் கூப்பிட்டு பயமுறுத்தக் கூடாது. கேள்வி மட்டும் கேளுங்க" என்றார் கடைசியில்.

அவசரப் பிரிவு நர்ஸ் பட்டியல் எடுத்துக் கொடுத்தாள். கடந்த பத்து நாளில் நெஞ்சுவலியோடு வந்து, ட்ரோபோனின் சரியாக இருந்ததால் அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு போனோடு இருவரும் உட்கார்ந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது வைட்டமின் சாப்பிடுகிறீர்களா?

ஒருவர் விற்பனைக்காரி என்று நினைத்துக்கொண்டு, "அம்மா தாயே, எனக்கு வழுக்கையே நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு அம்மாள் தன் சாப்பாடு முழுவதையும் காலையிலிருந்து ஒப்பித்தாள். பலர் இல்லை என்றார்கள். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அவர்களை உடனே வரச் சொன்னாள் நர்ஸ்.

பத்தொன்பதாவது ஆள் கார் ஓட்டச் சொல்லித் தருகிற பயிற்சியாளர். நாற்பத்தெட்டு வயது. திங்கட்கிழமை வந்து போனவர்.

"இப்ப கிளாஸ்ல இருக்கேங்க. இடது பக்கம்... இடதும்மா... ஆங். சொல்லுங்க."

"முடிக்கு மாத்திரை ஏதாவது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆமா. காலையில மூணு. வீட்ல சொல்லிடாதீங்க."

நோண்டி பட்டியலில் அவர் பெயரைச் சுழித்தாள். "வலி இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு. படியேறினா வருது, நின்னா போகுது. வாயுன்னு சொன்னாங்களே."

"நீங்களா வண்டி ஓட்டறீங்க?"

"இல்ல. எனக்குப் பக்கத்துல ஒரு மேடம் ஓட்டறாங்க. தபால் ஆபீஸ்ல வேலை. இன்னைக்கு நாலாவது பாடம்."

நர்ஸ் போனைப் பிடுங்கினாள். "எங்க இருக்கீங்க? ஓரமா நிறுத்துங்க, ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"எதுக்கு ஆம்புலன்ஸ்? உங்க கட்டிடம் இங்கிருந்து தெரியுது. அடுத்த திருப்பம்தான். ஏங்க... என்ன ஆச்சு எனக்கு?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் கூப்பிடறோம். நீங்க ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. அந்த மேடமே ஓட்டட்டும். மெதுவா வாங்க."

நோண்டி அதற்குள் ஓடிவிட்டாள். குளிர்பெட்டியில் திங்கட்கிழமைத் தட்டில் அவர் ரத்தம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடி இதயப் பிரிவுக்கு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறினாள். அங்கே இருந்தது வேறு கம்பெனி இயந்திரம். அதில் இந்தக் கொக்கி இல்லை. பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷமும் அவள் அறையின் நீளத்தை அளந்தாள்.

கீழே வந்தது ஒரு எண். இங்கே எண் வேறு. இருபது மடங்குக்கு மேல்.

அவள் கீழே இறங்கியபோது வாசலில் பயிற்சிப் பலகை மாட்டிய சின்னக் கார் குலுங்கி நின்றது. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடியே வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்த பெண்மணி ஸ்டியரிங்கை விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"வழி முழுக்க ரெண்டாவது கியர்லயே வந்தேன்" என்றாள் அழுதுகொண்டே. "மூணாவது இன்னும் சொல்லித் தரல."

சாயங்காலத்துக்குள் பயிற்சியாளருக்கு அடைப்பை நீக்கி ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று இதய டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் ஐந்தாம் மாடி எண்ணை இரண்டு முறை படித்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவர்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார். "மீதியைக் கொடுங்க" என்றார். மூன்று பேருமாகக் கூப்பிட்டார்கள்.

கடைசிப் பெயர் நோண்டியிடம் வந்தது. அறுபத்திரண்டு வயது அம்மாள். போன வாரம் வெள்ளிக்கிழமை வந்தவர். போனை எடுத்தது மருமகள்.

"அத்தை செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க" என்றாள். "தூக்கத்துலயே. நீங்க யாரு?"

நோண்டி யாரென்று சொன்னாள்.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

தலைவர் கையால் வேண்டாம் என்று சைகை காட்டினார். நோண்டி அவரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: மாத்திரை, கொக்கி, குறைந்து வருகிற எண். போனின் மறுமுனையில் இழுப்பறைகள் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து மருமகள் வந்தாள்.

"ஒரு டப்பா இருக்கு. ஆனா அது என்னோடது. அத்தை அதுல எடுத்தாங்களான்னு... ஒரு நாள் கேட்டாங்க, இது முடிக்கு நல்லதான்னு. நல்லதுதான் அத்தைன்னு சொன்னேன்."

அந்த அம்மாளின் ரத்தம் இருந்தால் தெரிந்துவிடும். ஆய்வகத்தில் எதையும் ஏழு நாளுக்கு மேல் வைப்பதில்லை. அன்று காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல, வெள்ளிக்கிழமைத் தட்டைக் கழிவில் கொட்டியது நோண்டியேதான்.

திங்கட்கிழமையிலிருந்து ரத்தம் எடுக்கும் கவுண்டரில் புதுக் கேள்வி ஒன்று சேர்ந்தது. ட்ரோபோனின் எல்லாம் ஐந்தாம் மாடிக்குப் போயின. தலைவர் நடந்ததை மறைக்காமல் எழுதி, சுகாதாரத் துறைக்கும் மற்ற ஆய்வகங்களுக்கும் அனுப்பினார். அதில் நோண்டியின் முழுப் பெயரையும் போட்டார். பயிற்சியாளர் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ஆனால் அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நோண்டி, இறந்துபோன அம்மாளின் வீட்டுக்குப் போயிருந்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மகன் வாசலிலேயே, "எங்கம்மா அதனாலதான் போனாங்களா?" என்று கேட்டான்.

"தெரியல. இனிமே தெரியவும் தெரியாது. அதை நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு."

அவன் உள்ளே போய்விட்டான். மருமகள் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். அறுபது மாத்திரை கொண்ட டப்பா. வாங்கி இருபத்தாறு நாள் ஆகிறது என்பது அவளுக்கு நினைவிருந்தது. அவள் சாப்பிட்டது தினம் ஒன்று, சில நாள் மறந்திருக்கிறாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணினார்கள். முப்பத்தெட்டு இருந்தது. அவள் ஒருத்தியே சாப்பிட்டதென்றால் எத்தனை இருக்க வேண்டும் என்று சொல்ல, மறந்த நாள்கள் எத்தனை என்று தெரிய வேண்டும். மருமகள் விரல்விட்டு யோசித்தாள், நாலு என்றாள், இல்லை ஆறு என்றாள்.

"மறுபடி ஒரு தடவை எண்ணுவோமா?" என்றாள்.

"எண்ணுவோம்மா" என்றாள் நோண்டி.